வாய்க்கு ஆனா, கைக்கு டானா

போன கிழமை பின்னேரம் திருகோணமலையில எங்கட ஒழுங்கையில இருக்கிற ஒரு தங்கச்சி தன்ட மகளையும் கூட்டிக்கொண்டு வந்தா. பிள்ளைக்கு இன்னும் 4 வயசு முடியல்ல. தங்கச்சிட கையில ஒரு டபிள் றூள் கொப்பி. விரிச்சுக் காட்டினா, முழுப் பக்கமும் 'அ'. முதல் வரியில டீச்சர் போட்டுக் குடுத்தது, அதுக்குக் கீழ பிள்ளை எழுதினது ஒரு நாலைஞ்சு சுமாரா இருக்கு, மூண்டாவது வரிக்கு வரேக்குள்ள வட்டம் வாயைத் திறந்துட்டு, அதுக்குக் கீழ எழுத்தே இல்ல, வெறும் கீறல், கடைசி வரியில பென்சிலைக் குத்தி பேப்பர் ஓட்டையாகிக் கிடக்கு. "அக்கா இவ எழுதுறாளே இல்ல, சொல்லியும் பாத்துட்டன், அடிச்சும் பாத்துட்டன், இனி முதலாம் ஆண்டுக்குப் போகப்போறவள் மாதிரியா இருக்கு" எண்டு சொல்லி அழுற மாதிரி நிக்கிறா. பிள்ளை வலது கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டு நிக்குது.

அந்தக் கை ஒளிச்சு நிண்டதைப் பாத்ததுல இருந்து இதை எழுதோணும் எண்டு மனசுல கிடக்கு. நான் 11 வருசமா சின்னப் பிள்ளைகளோட இருக்கிறவள், இப்ப வீட்டு விறாந்தையில பின்னேரத்துல அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒரு ஏழெட்டுப் பேரை வச்சு வாசிக்க எழுதப் பழக்கிறன். ஆனா இதை நான் டீச்சரா இருந்து படிக்கல்ல, என்ட மகனிட்டத்தான் படிச்சன். அவனுக்கு மூண்டரை வயசுல ஒரு முன்பள்ளியில (எது எண்டு சொல்ல விருப்பமில்ல) ஒவ்வொரு நாளும் ரெண்டு பக்கம் வீட்டுவேலை குடுப்பாங்க. அவன் அரைப் பக்கத்துலயே "கை நோகுது அம்மா" எண்டுவான். நான் சாட்டுச் சொல்லுறான் எண்டு ஏசினன். அது சாட்டு இல்ல. பெரியாக்கள்ட மணிக்கட்டுல 8 சின்ன எலும்பு இருக்கு, பிறக்கேக்குள்ள அது எல்லாமே வெறும் குருத்தெலும்பு, பிறகு வருசக்கணக்கா ஒவ்வொண்டா எலும்பாகிக்கொண்டு வரும், கடைசி எலும்பு வாறதுக்கு 8 வயசும் தாண்டிப்போகும். 4 வயசுல பாதிகூட ஒழுங்கா வந்திருக்காத கையில பென்சிலைக் குடுத்து ஒரே எழுத்தை அறுபது தரம் எழுது எண்டா நோகாம என்ன செய்யும். அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான், நான்தான் கேக்கல்ல, அது எனக்கு இப்பவும் கவலை.

யோசிச்சுப் பாருங்க, எங்கட ஆக்கள் இதை எவ்வளவு வடிவா விளங்கி வச்சிருந்திருக்கிறாங்க எண்டு. விஜயதசமிக்கு பத்திரகாளி அம்மன் கோயில்ல ஏடு தொடக்கேக்குள்ள என்ன செய்யிறது? தாம்பாளத்துல பச்சையரிசியைப் பரப்பி, பிள்ளையை மடியில வச்சு, சுட்டுவிரலைப் பிடிச்சு அரிசியில 'அ' எழுதுறது, எழுதேக்குள்ள வாயால சொல்லுவிக்கிறது. பென்சில் இல்ல, கொப்பி இல்ல, விரலும் அரிசியும் குரலும் மட்டும்தான். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைகள் மணல்ல விரலால எழுதித்தான் தொடங்கினது, எழுத்தாணியும் ஓலையும் கை பழகின பிறகுதான். நாங்க என்ன செய்யிறம், ஏடு தொடக்கின நாள் அரிசியில விரலை வச்சுட்டு அடுத்த திங்கட்கிழமையே பென்சிலைக் குடுத்து இருத்துறம். அந்த அரிசித் தட்டை ஒரு வருசத்துக்கு எடுத்து வைக்காம இருந்தாலே பாதிப் பிரச்சினை இல்ல.

இன்னொரு விசயம். ஏடு தொடக்கிறது 'அ' ல. அது சரி, ஏனெண்டா வாய்க்கு அதுதான் லேசு, வாயைத் திறந்தா வாற முதல் சத்தம் அது. ஆனா கைக்கு 'அ' சரியான கஷ்டமான எழுத்து. சுழிக்கோணும், வளைக்கோணும், பிறகு குறுக்கால வந்து நேரா ஒரு கோடு இறக்கோணும். 'இ' அதைவிட மோசம். கைக்கு லேசான எழுத்து 'ட'. மேலால இருந்து கீழ ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு, முடிஞ்சுது. அதுல இன்னொரு கோடு மேல ஏத்தினா 'ப'. அங்கயிருந்து 'ம', 'ய', பிறகு 'ர', 'க', 'ல', 'வ'. அதால நான் வாய்க்கு ஆனாவுல தொடங்குவன், கைக்கு டானாவுல தொடங்குவன். ரெண்டும் ஒண்டா போகோணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல. ட, ப, ம மூண்டும் தெரிஞ்சா, குத்து வைக்கவும் தெரிஞ்சா 'படம்', 'பட்டம்' எழுதலாம். 'ர' வந்தா 'மரம்'. 'க' வும் 'ல' வும் வந்தா 'கடல்'. 247 எழுத்தையும் முடிச்சாப் பிறகுதான் சொல்லு எண்டு காத்துக்கொண்டு இருந்தா பிள்ளைக்கு வாசிப்பு எண்டது என்ன எண்டே விளங்காது. ஆறேழு எழுத்துலயே ஒரு சொல்லை வாசிச்சு, அந்தச் சொல்லு தனக்கு முன்னால கிடக்கிற சாமானைத்தான் சொல்லுது எண்டு பிடிபடுற அந்த நிமிசம் இருக்கே, அந்த முகத்தைப் பாக்கோணும்.

கை பழகிறதுக்கு எழுதத்தான் வேணும் எண்டு இல்ல. எங்கட குசினியில எல்லாம் கிடக்கு. முருங்கையிலை உருவுறது எவ்வளவு நல்ல பயிற்சி தெரியுமா, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து காம்பைப் பிடிச்சு இழுக்கோணும், அதே பிடிதான் பென்சில் பிடி. ரொட்டி மா குழைச்சு உருட்டுறது, அரிசியில கல்லுப் பொறுக்கிறது, பயறை ஒரு கோப்பையில இருந்து இன்னொரு கோப்பைக்கு ஒவ்வொண்டா எடுத்துப் போடுறது, வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்குப் பூ கோர்க்கிறது. என்ட மகன் மாவை பாம்பு மாதிரி உருட்டி 'ட' செய்வான், 'ப' செய்வான், பிறகு அதை சுட்டுத் தரச் சொல்லுவான், ப ரொட்டி சாப்பிட்டவன் அந்த எழுத்தை மறக்கல்ல. டொக்யார்ட் றோட்டுக் கடற்கரைக்கு கூட்டிக்கொண்டு போனா ஈரமணல்ல குச்சியால பெரிசா எழுத விடுவன், தோளில இருந்து முழுக் கையையும் வீசி எழுதுற அளவுக்குப் பெரிசா. அலை வந்து அழிச்சுக்கொண்டு போகும், திரும்ப எழுதுவான். அழிஞ்சு போறதுல ஒரு நன்மை இருக்கு, பிழை எண்டு ஒருத்தரும் சொல்லத் தேவையில்ல, கடலே அழிச்சுப்போடும். மாரி காலத்துல, கார்த்திகை மார்கழியில கடல் கொந்தளிக்கேக்குள்ள போக ஏலாது, அப்ப பழைய தாம்பாளத்துல மணலைப் பரப்பி விறாந்தையில வச்சிடுவன்.

இதெல்லாத்துக்கும் முதல் காது. இதைத்தான் கனபேர் விட்டுட்டு நேரா எழுத்துக்குப் போறாங்க. ஒரு சொல்லுக்குள்ள துண்டு துண்டா சத்தம் இருக்கு எண்டு பிள்ளைக்குத் தெரியாட்டி எழுத்து எதுக்கு எண்டு அதுக்கு எப்படி விளங்கும்? நாங்க கை தட்டுவம். க-டல். மா-மி. அப்-பா. பேர் சொல்லித் தட்டுறது, சாப்பாட்டைச் சொல்லித் தட்டுறது, ஊர் சொல்லித் தட்டுறது. நிலா-வெளி, உப்-பு-வெ-ளி எண்டு ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி வெட்டுவாங்க, பரவாயில்ல, வெட்டலாம் எண்டு தெரிஞ்சதே போதும். பிறகு "மா எண்டு தொடங்கிற சாமான் சொல்லுங்க" விளையாட்டு. மாங்காய், மாடு, மான், மாமா, ஒரு பிள்ளை "மாலு பணிஸ்" எண்டான், எல்லாரும் கை தட்டினம்.

இதுல எனக்கு ஒரு பிள்ளை ஒரு பாடம் தந்தா. கிண்ணியாப் பக்கம் இருந்து வந்து இங்க உறவுக்காரர் வீட்டுல நிண்ட ஒரு முஸ்லிம் பிள்ளை. நான் வழக்கம்போல "அ, அம்மா" எண்டு சொல்லிக் கொடுத்தன். அவ கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "டீச்சர், எனக்கு அ-க்கு அம்மா இல்ல, உ-க்கு உம்மா" எண்டா. எவ்வளவு சரி! தன்ட தாயைக் கூப்பிடுற சொல்லுட முதல் சத்தத்தை அவட காது பிடிச்சிருக்கு, அதை எழுத்தோட சேத்தும் இருக்கு. அதுக்குப் பிறகு எங்கட சுவர்ல 'அ' வுக்குப் பக்கத்துல அம்மா படமும் 'உ' வுக்குப் பக்கத்துல உம்மா படமும் 'வ' வுக்குப் பக்கத்துல வாப்பா படமும் இருக்கு, அந்தந்தப் பிள்ளைகளே கீறினது. உரல், ஊஞ்சல், ஔடதம் எண்டு பிள்ளைகள் கண்டிராத சாமானுகளைப் போட்டு அச்சடிச்ச அட்டையை நான் கழட்டிட்டன். பிள்ளைட வாயில இருக்கிற சொல்லுல இருந்து எழுத்தை எடுத்தாத்தான் அது ஒட்டும்.

திருகோணமலையில பிள்ளை வளர்க்கிறவங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு, மான். கோட்டைக்குள்ளயும் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் கடற்கரையிலயும் புள்ளிமான் சும்மா நடந்து திரியிற ஊர் இது. என்ட மகன் முதல் முதல் தானா வாசிச்ச சொல்லு 'மான்' தான். ம தெரியும், அரவு போட்டா மா எண்டு தெரியும், குத்து வச்ச ன் தெரியும். ஒரு மட்டையில நான் எழுதி வச்சிருந்ததை எடுத்து "மா... மா... ன்... மான்!" எண்டுட்டு, எழும்பி வாசலுக்கு ஓடினான், மான் வந்திட்டுது எண்டு நினைச்சில்ல, காட்டிறதுக்கு. ஒரு மான் எங்க எண்டாலும் நிண்டா அதுக்கு இதைக் காட்டோணுமாம். அடுத்த நாள் பின்னேரம் மட்டையையும் கொண்டுதான் கடற்கரைக்குப் போனம்.

கடைப் போர்ட், பஸ் போர்ட், பிஸ்கட் பக்கட் எல்லாமே வாசிப்புப் புத்தகம்தான். எங்கட போர்டுகள்ல மூண்டு மொழி இருக்கும், சிங்களம், தமிழ், இங்கிலீஷ். மூண்டு வயசுப் பிள்ளைக்கே எது எங்கட எழுத்து எண்டு பிரிச்சுக் காட்ட ஏலும், அதுவும் வாசிப்புட ஒரு படிதான். மலிபன் பக்கட்டுல 'ம' வைத் தேடு, எத்தினை இருக்கு எண்ணு, அவ்வளவுதான் வேலை, பிஸ்கட் கூலி.

இனி எங்கட ஊர்ப் பேருக்கு வாறன். இந்தச் சொல்லை வச்சே ஒரு மாசம் படிப்பிக்கலாம். தி-ரு-கோ-ண-ம-லை, ஆறு எழுத்து. தி-யில விசிறி. ரு-வுல உகரம். கோ-வுல முன்னால இரட்டைக் கொம்பு பின்னால அரவு. ண-வும் ம-வும் ஒண்டும் இல்லாம சும்மா நிக்குது. லை-க்கு முன்னால ஐகாரக் கொம்பு. தமிழ் எழுதப் பழகிற பிள்ளை எங்கெங்க தடுக்கி விழுமோ அது எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. உகரத்தை எடுங்க, கு, சு, து, பு, மு, ரு, எல்லாத்துக்கும் ஒரே வால் இல்ல, ஒரு சட்டத்தைச் சொல்லிக் குடுத்து மற்றதை நீயே போடு எண்டு சொல்ல ஏலாது, ஒவ்வொண்டாத்தான் பழக்கோணும், அவசரப்படக் கூடாது. கொம்பு அதைவிட. 'கே' யை எடுங்க, காதுல முதல் கேக்கிறது 'க்', பிறகுதான் 'ஏ', ஆனா எழுதேக்குள்ள கொம்பு முதல் வருது. பிள்ளை தன்ட காதை நம்பி 'க' வை எழுதிட்டு அதுக்குப் பிறகு கொம்பைப் போடும். பெரியாக்கள் அதைப் பிழை எண்டுவாங்க. நான் என்ன சொல்லுறன் எண்டா, அந்தப் பிழையில பிள்ளை எவ்வளவு கவனமாக் கேட்டிருக்கு எண்டு தெரியுது, "நீ கேட்டது சரி, ஆனா இந்தக் கொம்பு எப்பவும் முன்னுக்குத்தான் நிக்கும்" எண்டு ஒருக்கா சொல்லிக் காட்டினாக் காணும்.

லை-க்கு ஒரு கதை இருக்கு. அம்மம்மாட பழைய கடிதம் ஒண்டு அலுமாரிக்குள்ள கிடந்தது, மேல விலாசத்துல 'திருகோணமலை' எண்டு எழுதியிருக்கிறா. மகன் எடுத்துப் பாத்துட்டு "அம்மம்மா ல-வுக்கு தும்பிக்கை போட்டிருக்கிறா" எண்டு கத்தினான். அந்தக் காலத்து லை அப்படித்தான், ல-வோட சேர்ந்து மேல தும்பிக்கை மாதிரி வளைஞ்சு இருக்கும், ணை, ளை, னை யும் அப்படித்தான். 1978 ல தமிழ்நாட்டு அரசு ஆணை போட்டு இப்ப இருக்கிற மாதிரி மாத்தினது, பிறகு இங்கயும் அதுதான் வந்துட்டு. அம்மம்மா இப்பவும் பழைய மாதிரித்தான் எழுதுவா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்து, அவன் புது லை, அவ பழைய லை எண்டு ஒரு பக்கம் முழுக்க எழுதினாங்க. எழுதச் சொன்னா அரைப் பக்கத்துல கை நோகுது எண்டவன் அவன்.

இன்னும் ஒண்டு கட்டாயம் சொல்லோணும். எங்கட பிள்ளைகள் வீட்டுல கதைக்கிற தமிழ் வேற, புத்தகத்துல இருக்கிற தமிழ் வேற. "போனான்" எண்டு கதைக்கிற பிள்ளைக்கு "சென்றான்" எண்டு வாசிச்சா அது புது மொழி மாதிரி. "வாறன்" எண்டு சொல்லுற வாய்க்கு "வருகிறேன்" எண்ட எழுத்து எப்படி உடனே பிடிபடும்? அதுக்காக புத்தகத் தமிழை விடச் சொல்லல்ல. நான் ஒவ்வொரு நாள் ராவும் மடியில வச்சு கதைப் புத்தகம் வாசிப்பன், புத்தகத்துல இருக்கிறபடியே விரலை வச்சு வாசிப்பன், அந்தச் சத்தம் காதுல ஊறோணும். வாசிச்சு முடிச்சுட்டு எங்கட தமிழ்ல அதைப் பத்திக் கதைப்பம், ஏன் அந்த நரி அப்படிச் செஞ்சது, நீ எண்டா என்ன செய்வாய் எண்டு. ஆனா முதல் முதல் எழுதுறதும் தானா வாசிக்கிறதும் பிள்ளைட சொந்த வசனமாத்தான் இருக்கோணும். அவன் சொல்லுவான், நான் அவன் சொன்ன மாதிரியே எழுதுவன், "அப்பா கடலுக்குப் போயிட்டார்" எண்டு. எழுதினதை அவனிட்டக் குடுத்தா அவன் வாசிப்பான், ஏனெண்டா அது அவன்ட சொல்லு, என்ன எழுதியிருக்கு எண்டு அவனுக்கு முதலே தெரியும், தெரிஞ்சதை எழுத்துல தேடிக் கண்டுபிடிக்கிறதுதான் அந்த வயசுல வாசிப்பு.

பிறகு ஒரு நாள் தானே எழுதுவாங்க, அப்ப பெரியாக்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கோணும். திருக்கடலூர்ல இருந்து வாற ஒரு மீன்பிடிக்காரர்ட பிள்ளை, 5 வயசு, ஒரு நாள் ஒரு படம் கீறி அதுக்குக் கீழ "அப்ப மன படசர்" எண்டு எழுதிக் கொண்டுவந்து தந்தான். அப்பா மீன் பிடிச்சார். பாருங்க, அ, ப்ப, ம, ன, ப, ட, ச, ர் எல்லாச் சத்தமும் வரிசையா இருக்கு, 'ப்ப' வுல குத்துக்கூட வச்சிருக்கிறான், கடைசி 'ர்' லயும் வச்சிருக்கிறான். அரவும் விசிறியும் 'ன்' ல குத்தும்தான் இன்னும் வரல்ல, 'ச்ச' சரியாக் கேக்கல்ல.  இதுக்கு மேல சிவப்புப் பேனையால கோடு போட எனக்கு மனசு வராது. "வாசிச்சுக் காட்டு" எண்டன், விரலை வச்சு "அப்பா மீன் பிடிச்சார்" எண்டு முழுசா வாசிச்சான். அதுக்குப் பக்கத்துல நான் சரியான எழுத்துல அதையே எழுதி வச்சன், ரெண்டையும் மாறி மாறிப் பாத்துட்டு "மீ-க்கு சுழி இருக்கு" எண்டான். மூண்டு கிழமையில அவன் மீனுக்கு சுழி போட்டே எழுதினான்.

ல ள ழ, ண ன ந பத்திக் கேக்கிற அம்மாமாருக்கு ஒண்டு சொல்லுறன், அதை இப்ப விடுங்க. எங்கட ஊர்ல மழையையும் வாழைப்பழத்தையும் நாங்களே ள-வுல தான் சொல்லுறம், பிறகு பிள்ளை 'மளை' எண்டு எழுதினா எப்படி பிழை சொல்லுறது. அது காதால வாறது இல்ல, கண்ணால வாறது, கன புத்தகம் கண்டு கண்டுதான் வரும், ரெண்டாம் மூண்டாம் ஆண்டுல வந்தாப் போதும். இடது கையால எழுதுற பிள்ளையை வலது கைக்கு மாத்தவும் வேண்டாம், சாப்பிடுறதுக்கு வலது கையைப் பழக்குங்க, எழுதுற கையை விட்டுடுங்க. ஃபோன்ல எழுத்துப் பாட்டுப் பாக்கிறது கெட்டது எண்டு சொல்ல வரல்ல, ஆனா அது பிள்ளையிட்டத் திரும்பக் கேள்வி கேக்காது, மடிச் சூடும் இல்ல.

5 வயசு முடிஞ்சாத்தான் முதலாம் ஆண்டு. அங்க போனாப் பிறகும் எழுத்துப் படிப்பிக்கத்தான் போறாங்க. ஆனா இங்க ஒரு போட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுது எங்கட பிள்ளை எழுதல்ல எண்டு, இப்பவே தொடங்கினாத்தான் ஐஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசில்ல வரும் எண்டு. அந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதால தங்கச்சியோட கோவிக்க எனக்கு மனசு வரல்ல. அவவுக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டு இருக்கச் சொன்னன்.

அன்றைக்கு ராவைக்கு முருங்கையிலை வறைதான் சமையல். பிள்ளையைக் கூப்பிட்டு எனக்கு இலை உருவித் தாறியா எண்டன். முதல் வரமாட்டன் எண்டு தலையாட்டிச்சு. நான் பேசாம உருவிக்கொண்டு இருந்தன். கொஞ்ச நேரத்துல பக்கத்துல வந்து இருந்து, பின்னால வச்சிருந்த கையை எடுத்து ஒரு கொப்பைப் பிடிச்சுது. உருவி முடிய கை கழுவின தண்ணி விரல்ல சொட்டிச்சு, நான் அந்த ஈர விரலால சீமெந்துத் தரையில ஒரு 'ட' போட்டன். நாலரை மணி வெயில், தரை சூடு, கண்ணுக்கு முன்னால எழுத்து காஞ்சு மறைஞ்சு போச்சு. பிள்ளைக்கு ஆச்சரியம். ஓடிப்போய் வாளியில விரலைத் தோச்சுக்கொண்டு வந்து தானும் ஒண்டு போட்டா. காஞ்சுது. இன்னொண்டு. தாய் வெளிக்கிடுவம் எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டும் வாளிக்கும் வெயிலுக்கும் நடுவுல போய் வந்துகொண்டே நிண்டா. கொப்பியை என்னட்ட விட்டுட்டுப் போகச் சொன்னன், இன்னும் இந்த மேசையிலதான் கிடக்கு.